43ஆம் தெருச் சுவர்

சுவரோவியம் என்றதும் மெக்ஸிகோ தேசத்து ரிவேரா, ஒரோஸ்கோ, ஸிகேரோஸ் ஆகிய மூவரும் 1920களில் அரசாங்கக் கட்டிடங்களில் எழுதிய சித்திரங்கள் உங்கள் ஞாபகத்துக்கு வரும்; அவற்றைப் பற்றி முன்பே கேட்டிருப்பீர்கள். அவர்கள் மக்களைப் பற்றி எழுதினார்கள். மக்களைக் கேட்டு எழுதுவது வேறு சங்கதி.

கேட்டு எழுதிய சுவர் என்றால் என் மனம் சிக்காகோ நகரின் தென்பகுதிக்கு ஓடும். அங்கே 43ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் கூடும் மூலையில், சிதிலமாகிக் கிடந்த ஒரு கட்டிடத்தின் சுவரில், 1967ஆம் வருஷத்துக் கோடையில், கறுப்பினக் கலைஞர்கள் அக்கம்பக்கத்தாரின் அபிப்பிராயத்தைக் கேட்டு, தங்கள் இனத்து வீரர்கள் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோரை எழுதி, அதற்கு 'மரியாதைச் சுவர்' என்று பெயரிட்டார்கள். மால்கம் எக்ஸ் இடம்பெற்றார். மார்ட்டின் லூதர் கிங் இடம்பெறவில்லை. கேட்டார்கள், நேயர்களே, கேட்டார்கள்!

இந்தச் சுவருக்கு வித்திட்ட ஓவியர் வில்லியம் வாக்கரிடம் எனக்குள்ள பட்சபாதத்தை மறைக்கப் போவதில்லை. தாம் எழுதிய, கறுப்பின முஸ்லிம்களின் தலைவர் எலைஜா முகம்மதுவின் உருவத்துக்கு ஆட்சேபம் எழவே, அதை அழித்து, அவ்விடத்தில் அடிமைகளின் கிளர்ச்சியை நடத்திய நாட் டர்னரை எழுதினாரே, அந்தக் கைக்கு நான் அடிமை. எழுதத் தெரிந்தவர் பலர். அழிக்கச் சம்மதிப்பவர் எத்தனை பேர்?

நான் ஒருமுறை கிராமத்து நூல்நிலையச் சுவரில் மயில் எழுதிக்கொண்டிருந்தேன். சாரத்தின் கீழே வந்து நின்ற கிழவி ஒருத்தி, "மயிலுதான் தினம் எங்க கொல்லையில கடலையைத் தின்னுட்டுப் போவுதே, தம்பி, அதைச் சுவத்துல வேற பாக்கணுமா?" என்றாள். வெட்கத்தோடு இறங்கி, என்ன வேண்டும் என்று கேட்டேன். தூர்ந்துபோன ஊர்க்கேணியைச் சொன்னாள். மயிலை அழித்தேன்.

இப்போதோ, பாரந்தூக்கியில் ஏறி அடுக்குமாடியில் ஒரு பெருமுகத்தை நாலு நாளில் தீட்டிவிட்டு ஊர் திரும்புகிறவரை மக்கள் கலைஞர் என்கிறார்கள். கீழே குடியிருப்பவர்களை யார் கேட்டது? லாஸ் ஏஞ்சலஸில் ஜூடி பாக்கா 1976 முதல் நானூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு, வெள்ளக்கால்வாயின் சுவரில் அரை மைலுக்கும் நீளமாகத் தீட்டினாரே, அதற்குப் பல கோடைகள் பிடித்தன.

வாக்கரின் சுவர் இன்று இல்லை; 1971இல் தீப்பிடித்தது, பிறகு கட்டிடத்தையே இடித்துவிட்டார்கள். என் கேணி இரண்டு மழைக்காலம் நின்றது, மூன்றாவதில் உரிந்தது. சுவரில் ஈரம் இருக்கும்போதே நான் வர்ணம் ஏற்றியதுதான் காரணம்.