வீட்டோடு விலாசமும் மாறட்டும்



ஜூனில் பள்ளி மூடியதும் நம் பிரிட்ஜ்வாட்டரில் பல வீடுகளில் இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து நிற்கும்: வீடு மாறுவது, ஊருக்குப் போவது. சாமான்களை இறக்கிய கையோடு நெவார்க் விமான நிலையத்துக்கு ஓடுவோம். "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது விலாச மாற்றத்தைத்தான்.

ஆனால் கெடு காத்திருக்காது. விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள் வீடு மாறிய 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்கு ஏ.ஆர்.11 படிவம் தர வேண்டும், குழந்தைகளுக்கும் தனித்தனியே. ஓட்டுநர் உரிமத்துக்கு நியூ ஜெர்சியில் ஒரு வாரம்தான்.

தபால் நிலையத்தில் சொல்லிவைத்தால் சாதாரணக் கடிதங்கள் 12 மாதம் புது வீட்டுக்கு வரும். குடிவரவுத் துறைக் கடிதங்களுக்கு அதை நம்பாதீர்கள். கைரேகைக்கு அழைத்த கடிதம் பழைய வீட்டில் கிடந்து நாள் தவறினால், விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம்.

விலாசத்தை மாற்றிவிட்டு விமானம் ஏறுங்கள்.