மாசற்றது எது? நிறைவானது எது?



இன்று நாம் சில வார்த்தைகளைப் பற்றிப் பேசப்போகின்றோம். அது பண்டிதர்கள் வேலையாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். அவர்களிடமே விட்டுவிட்டதால்தான் இவ்வளவு சங்கடமும்.

சந்தையில் பானை வாங்குகிறவர் முதலில் விரலால் தட்டிப் பார்க்கின்றார். கணீரென்று கேட்டால் விரிசல் இல்லை, பழுதற்ற பானை. விளிம்பு எங்கும் உடையாதிருந்தால் முழுப்பானை. சூளையில் ஒரே சீராக வெந்திருந்தால் செம்மையான பானை. ஆனால் நிறைந்த பானை என்று அதை எவரும் சொல்லார். வீட்டிற்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றிய பிறகே அது நிறையும். பூரணம் என்கின்ற வடசொல்லும் இந்த நிறைவைத்தான் சொல்லுகின்றது. (கொழுக்கட்டைக்குள் வைப்பதற்கு ஏன் அந்தப் பெயர் என்பது இப்போது விளங்கும்.)

ஆகவே மாசற்றது, குற்றமற்றது, களங்கமற்றது, அப்பழுக்கற்றது என்பவையெல்லாம் இன்னது இல்லை என்று மாத்திரமே சொல்லுகின்றனவே யொழிய, என்ன இருக்கின்றது என்று சொல்லுவதில்லை. வெறும் பானையும் மாசற்றதாயிருக்கலாம். முழுமை, நிறைவு, செம்மை என்பவையோ இருப்பதைச் சொல்லுகின்றன.

பானைக்குச் சரி. மனிதர்களிடத்தில் இவ்வார்த்தைகள் எப்படி நடக்கின்றன? பெண் பார்க்கப் போகின்ற இடத்தில் பெண்ணைப் பற்றி விசாரிப்பதெல்லாம் குறை உண்டா, களங்கம் உண்டா என்பதுதான். அவளுக்கு என்ன தெரியும், எதில் விருப்பம் என்று கேட்பவர் எத்தனை பேர்? மாப்பிள்ளைக்கோ படிப்பு, சம்பளம், நிலம் என்று நிறைவையே கணக்கெடுக்கின்றார்கள். அவன் களங்கத்தைக் கேட்டால் "ஆண்பிள்ளை அப்படித்தான்" என்று வாயை அடைத்துவிடுகின்றார்கள்.

நிறை என்ற சொல்லையே பாருங்கள். மனத்தைத் தன்வசம் நிறுத்தும் உறுதிக்கு அது பெயர். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று ஆண்மக்களுக்கு வகுத்த நான்கு குணங்களில் அதுவும் ஒன்று. பெண்களுக்கு வகுத்த நான்கோ நாணம், மடம், அச்சம், பயிர்ப்பு. அப்படியிருந்தும் குறளின் 126-வது அதிகாரமாகிய நிறையழிதல், பெண்ணின் நிறை அழிவதையே பேசுகின்றது. ஆணின் பேரில் எழுதிய கடனைப் பெண்ணிடம் வசூலிப்பது என்ன நியாயம்?

இன்னும் ஒரு வார்த்தை. விளிம்புடைந்த பானைக்கு மூளி என்று பெயர். புருஷனை இழந்தவளையும் மூளி என்றே வைதார்கள். விதவை மறுமணம் செல்லும் என்று 1856-லேயே சட்டம் வந்தும் அந்த வசவு ஒழியவில்லை. நேற்றுவரை அவளுக்கிருந்த அறிவிலும் உழைப்பிலும் எந்த விளிம்பு இன்று உடைந்துவிட்டது? மனைவியை இழந்தவனுக்கும் தபுதாரன் என்று ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி எவரும் வைது நாம் கேட்டதில்லை.