தொலைக்கல்வி எனக்கு ஏற்றதா?



உயர்தரப் பரீட்சையில் தேறியும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதோர் மன்னாரிலும் உளர். கடற்றொழிலை விட முடியாதோரும், நோயுற்ற பெற்றோரைப் பிரிய இயலாதோரும் உளர். இவர்கள் வீட்டிலிருந்தே கற்கலாமா என்பதே என் பேச்சின் பொருள்.

இம்முறை நமக்குப் புதியதன்று. 1858 இல் இலண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரிப் பட்டத்துக்கு வழி திறந்தது. 1921 இல் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவரும் அப்பட்டத்துக்கே படித்தனர். 1942 இல்தான் இலங்கைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் வாய்த்தது. 1980 இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் தலைமையிடம் நாவலை. இதனை அரைப் படிப்பு என்பது அறியாமை.

அவ்வறியாமை என்னிடமும் இருந்தது. என் தமக்கையார் அதில் சேர்ந்தபோது நகைத்தேன். விடுதியில் மணியடித்தும் நான் உறங்கிய வேளையில், அவர் நாலு மணிக்கே எழுந்து, அடுப்பு மூட்டுமுன் படித்தார். ஒருநாள் சொன்னார்: "உனக்கு மணியடிக்க ஆளிருக்கு, தம்பி. எனக்கு நான்தான் அடிக்கவேணும்."

அந்த ஒரு வார்த்தையிலே விடயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே, சேருமுன் உங்களையே கேளுங்கள்.

சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் நாள்தோறும் இரண்டு மணி நேரம் ஒதுக்க வல்லேனா? ஏனைய அரச பல்கலைக்கழகங்களில் உள்வாரி மாணவர் கட்டணமின்றிக் கற்கின்றனர். திறந்த பல்கலைக்கழகத்திலோ கட்டணம் உண்டு. அதனோடு பரீட்சைக்கும் செய்முறை வகுப்புக்கும் போய்வரும் செலவையும் தாங்குவேனா? பல பட்டப்படிப்புக்கள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன, வாசித்து விளங்குவேனா? ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பேன்?

முதற் கேள்விக்கு 'இல்லை' என்பவர் சேராதிருத்தல் நன்று, அதில் இழிவில்லை. மற்றவற்றில் குறையுள்ளவர் ஓராண்டு பொறுத்து, பணமும் ஆங்கிலமும் தேடிக்கொண்டு சேரலாம்.

ஏகலைவன் துரோணரின் மண்ணுருவின் முன் வில் பயின்றான். அவ்வுருவம் அவனைத் திருத்தவில்லை. அவனே தன்னைத் திருத்திக்கொண்டான். எனினும் எல்லாரும் ஏகலைவராதல் அரிது. தனிமையே பலரைப் பாதிவழியில் நிறுத்துகிறது. எனவே, வாரத்தில் இரு மாலைகள் நம் சங்க மண்டபத்தைத் தொலைக்கல்வி மாணவர்க்குத் திறந்துவிடுமாறு வேண்டுகிறேன். விளக்கும் மேசையும் போதும். துணை தானே வரும்.