கூடிக் கற்கும் கணினி
(விழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனத் தானங்களை நான்காக வகுத்தனர் சமணச் சான்றோர். இவற்றுள் சாத்திர தானம் என்பது அறிவுக் கொடை. கொடுப்பவரிடம் சிறிதும் குறையாமல், கொடுக்குந்தோறும் தெளிவு பெறுவது அது. பொருநைக் கரைக்கு இக்கொடை புதிதன்று. பாளையங்கோட்டையை அடுத்த மறுகால்தலைக் குன்றில், துறவியர் தங்குவதற்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியைத் தமிழ்ப் பிராமி எழுத்து இன்றும் தாங்கி நிற்கிறது. வடக்கே கழுகுமலையில் ஆசிரியர்களின் பெயர்களும் மாணாக்கர்களின் பெயர்களும் ஒரே பாறையில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்களோடு பெண்களும் அங்கே ஆசிரியர்களாக விளங்கினர். குரத்தியர் என அவர்களைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

கூடிக் கற்பதன் சிறப்பை உணர்த்த, உ.வே.சாமிநாதையர் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றே போதும். 1880-ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரை வினவினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த ஐயருக்கு அந்நூல் புதிதாக இருந்தது. ஏட்டைக் கையில் எடுத்தபின்பும் சமயச் சொற்கள் பல விளங்கவில்லை. அவர் வெட்கப்படவில்லை, அவ்வூர்ச் சமணர் வீடுகளைத் தேடிச் சென்றார். அங்கே சிந்தாமணியைக் கூடியிருந்து படித்துப் பொருள் உணரும் வழக்கம் இருந்தது. சந்திரநாத செட்டியார் முதலிய அன்பர்கள் ஐயங்களைத் தீர்த்து உதவினர். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பின்னர் ஏடு தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தபோதும் அவர் கையாண்டது இதே வழியைத்தான்: அறிந்தவர் வாயிலில் நின்று கேட்டார். பெரும்புலவர் ஒருவர் கேட்கத் துணிந்ததாலும், கேட்பதற்கு ஒரு கூட்டம் இருந்ததாலும் தமிழுக்கு ஒரு காப்பியம் மீண்டது.

இன்று கணினியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் முதியோர் பலர் திகைத்து நிற்கின்றனர். ஓய்வூதியர் வாழ்நாள் சான்றைக் கணினி வழியே அளிக்கும் ஜீவன் பிரமாண் முறை 2014-இல் வந்தது. வங்கி, மின்கட்டணம், தொடர்வண்டிச் சீட்டு, வில்லங்கச் சான்று என யாவும் திரைக்குள் சென்றுவிட்டன. முதியவர் பேரனை அழைக்கிறார். "குடுங்க தாத்தா" என்று வாங்கும் பேரன் அரை நிமிடத்தில் முடித்துத் தருகிறான். வேலை முடிகிறது, கற்றல் நிகழ்வதில்லை. அடுத்த மாதமும் அழைக்க வேண்டும். இரண்டாம் முறை கேட்கக் கூச்சம். மூன்றாம் முறை கேட்பதே இல்லை. பிறகு தெருமுனைக் கணினி மையத்தில் கைப்பேசியையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறார்.

இக்கூச்சத்தைத்தான் மோசடிக்காரர்கள் முதலீடாகக் கொள்கின்றனர். காவல் உடையில் காணொளி அழைப்பில் தோன்றி, "டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், எவரிடமும் சொல்லாதே" என்று மிரட்டுகின்றனர். அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. "எவரிடமும் சொல்லாதே" என்னும் அந்தச் சொல்லிலேயே வஞ்சகம் வெளிப்படுகிறது. சொல்வதற்கு நாலு பேர் இருந்தால் அப்பொறி பலிக்காது. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும் என்பதை அறியாமல், அவமானம் கருதி ஓரிரு நாள் மறைத்து, மீட்கும் வாய்ப்பையும் இழப்பவர் உண்டு. அறியாமையைவிட, கேட்பதற்கு இடமில்லாமையே பெருந்துன்பம்.

அந்த இடத்தைத் தருவதே கணினிப் பயனர் மன்றம். இது பயிற்சிக் கல்லூரி அன்று. கட்டணமோ தேர்வோ பட்டமோ இல்லை. ஓர் ஊரில் கணினியைப் பயன்படுத்துவோர் குறித்த நாளில் கூடி, தெரிந்ததைச் சொல்லித் தெரியாததைக் கேட்கும் அவை இது.

இவ்வமைப்பின் வரலாறு சுவையானது. 1975-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு வீட்டு வண்டிக் கொட்டகையில் ஆர்வலர் சிலர் கூடினர். ஹோம்புரூ கணினி மன்றம் அவ்வாறு பிறந்தது. முதற்கூட்டத்துக்கு வந்தவருள் ஒருவர் ஸ்டீவ் வாஸ்னியாக். தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தை அவர் மன்றத்தாருக்கு விலையின்றி வழங்கினார். அக்கணினியே ஆப்பிள் நிறுவனத்தின் முதற்படைப்பு ஆயிற்று. 1977-இல் பாஸ்டன் நகரில் தோன்றிய மற்றொரு கணினிச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஜோனதன் ராட்டன்பெர்க் என்பவர் பதின்மூன்றே வயதுச் சிறுவர். இத்தகைய அவையில் வயது மறைந்து, அறிவே முன்நிற்கும்.

தமிழ்நாட்டிலும் இம்மரபு வேரூன்றியுள்ளது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கி, மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடுவதை வழக்கமாகக் கொண்டது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் அத்தகைய குழுக்கள் எழுந்தன. விழுப்புரக் குழுவினர் சுற்றுவட்டாரக் கிராம மாணவர்க்குக் கட்டணமின்றிக் கணினி கற்பிக்கின்றனர். பெருநகரத்துக்கே உரியது இது என்னும் எண்ணத்தை அவ்வூர்கள் பொய்யாக்கிவிட்டன.

நெல்லைக்கு இம்மன்றத்தால் விளையும் பயன்களுள் சில:

முதலாவது, செலவுக் குறைவு. லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்களை விலையின்றிப் பெறலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்ததும் பழுதில்லாத கணினிகள் பல மூலையில் ஒதுங்கின. அறிந்தவர் ஒருவர் அருகிருந்து லினக்ஸை நிறுவிக் கொடுத்தால், அவற்றுட் பல ஒரு மாணவரின் கல்விக்கு மீண்டும் உதவும்.

இரண்டாவது, ஆவணப் பாதுகாப்பு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை இவ்வட்டாரம் மறவாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பொருநை கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. சான்றிதழும் பத்திரமும் சேற்றில் ஊறின. ஆவணங்களைப் படியெடுத்துப் பத்திரப்படுத்துவதும், அரசின் டிஜிலாக்கர் சேமிப்பைப் பயன்படுத்துவதும் ஒரு மாலைப்பொழுதில் கற்கத்தக்கவை.

மூன்றாவது, பார்வையற்றோர்க்குத் துணை. அவர்களுக்கெனப் பள்ளி கண்ட பாளையங்கோட்டையில் இது சிறப்பாக எண்ணத்தக்கது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருளைப் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-இல் உருவாக்கத் தொடங்கினார். அதுவும் விலையற்றது, தமிழையும் படிக்கும். அதை நிறுவித் தந்து பழக்குவதற்கு உள்ளூரில் ஒருவர் வேண்டும், அவ்வளவே குறை.

நான்காவது, தமிழ்ப்பணி. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலர் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் வளர்த்த மின்னூலகம். அதனை முன்னின்று நடத்திய கு.கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர். நாலடியாரும் சிந்தாமணியும் இன்று எவர்க்கும் எளிதில் கிட்டுவது அத்தகையோர் உழைப்பால். தமிழ்99 விசைப்பலகையைப் பழகிய ஓய்வுபெற்ற ஆசிரியர் பத்துப் பேர் நெல்லையில் சேர்ந்தால், செல்லரிக்கும் பழைய பதிப்புகள் எத்தனையோ பிழைக்கும். இளைஞர்க்குக் கணினி தெரியும். முதியோர்க்குச் சந்தி பிரிக்கத் தெரியும். இருவரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகும் அரிய பணி இது.

மன்றம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஓர் அறை, இரண்டு கணினி, ஒரு குறிப்பேடு, மாதத்தில் ஒரு மாலை ஆகியவை போதும். விதிகள் மூன்று இருக்கட்டும். கற்பவர் கையில்தான் சுட்டி இருக்க வேண்டும். கற்பிப்பவர் அதைப் பறித்துச் செய்து காட்டலாகாது. கடவுச்சொல்லையும் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணையும் மன்றத் தோழரிடமும் கூறலாகாது. கேட்ட கேள்வியையே எத்தனை முறை கேட்டாலும் எவரும் நகைக்கலாகாது. மூன்றாம் விதியே மன்றத்தின் உயிர்.

அன்று குன்றின்மேல் ஒருவர் கற்படுக்கை அமைத்துக் கொடுத்தார்; வந்தோர் தங்கினர். இன்று இவ்வறக்கட்டளை மாதம் ஒரு மாலை தன் கூடத்தைத் திறந்து வைத்தால், தயங்கி நிற்கும் ஒரு பாட்டியும் பள்ளி முடித்த ஒரு சிறுவனும் அருகருகே அமர்வர். அடுத்த முறை அப்பாட்டி மற்றொருவர்க்குச் சொல்லித் தருவார். சாத்திர தானம் இந்நாளில் மேற்கொள்ளும் வடிவங்களுள் அதுவும் ஒன்று.