ஆத்தில் பாடுவது யார்?

(உறுப்பினர்களின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 குழந்தைகள் சத்தம் போட்டால் தயவுசெய்து யாரும் அதட்ட வேண்டாம். அவர்கள் போடும் சத்தத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நான் புனேயில் 30 வருஷங்களுக்கு மேலாகக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோர்கள் முதல் நாள் கேட்பது அநேகமாக ஒன்றேதான்: "மாமி, எத்தனை வருஷத்தில் வர்ணம் வரும்? எப்போ மேடை ஏத்தலாம்?" நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "உங்க ஆத்தில் யார் பாடுவா?" இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். "யாரும் பாட மாட்டோம் மாமி. அதுக்குத்தானே உங்ககிட்ட கொண்டு வந்து விடறோம்" என்பார்கள்.

முன்பெல்லாம் பத்துக் குடும்பங்களில் ஒன்றிரண்டு இப்படிச் சொல்லும். இப்போது ஒன்றிரண்டைத் தவிர மற்றவை இப்படிச் சொல்கின்றன. சுப்ரபாதத்தை மொபைல் பாடுகிறது. தாலாட்டை யூடியூப் பாடுகிறது. பாட்டு வாத்தியார் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பாடுகிறார். வீட்டு மனிதர்கள் மட்டும் பாடுவதில்லை.

நம் சம்பிரதாயத்தில் குழந்தைக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. ஸீமந்தத்தில் வீணை வாசிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது யாரோ பிற்காலத்தில் சேர்த்த அலங்காரம் அல்ல. ஆபஸ்தம்ப க்ருஹ்ய ஸூத்ரத்திலும் ஆச்வலாயன க்ருஹ்ய ஸூத்ரத்திலும், வீணையுடன் பாடும் இருவரைப் பாடச் சொல்ல வேண்டும் என்ற விதி இருக்கிறது. இன்று பல இடங்களில் சாஸ்திரத்துக்கு இரண்டு நிமிஷம் வீணை மீட்டப்படுகிறது, அல்லது ஸ்பீக்கரில் போடப்படுகிறது. ஆனால் கர்ப்பிணியின் பக்கத்தில் உட்கார்ந்து மனிதர்கள் பாட வேண்டும் என்பதுதான் ஸூத்ரகாரர்களின் ஏற்பாடு.

ஆறு மாதம் நிறையும் சமயத்தில் கர்ப்பத்திலுள்ள சிசுவுக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடுகிறது என்பது இன்றைய வைத்தியர்கள் சொல்வது. அது மிகத் தெளிவாகக் கேட்கும் குரல் அம்மாவுடையது. 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ரப்பர் காம்பைச் சப்பும் விதத்தை மாற்றினால் அம்மாவின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ கேட்கும்படி அமைத்திருந்தார்கள். அந்தச் சிசுக்கள் அம்மாவின் குரல் வரும்படியே சப்பின. ஆகவே வயிற்றின் மேல் ஹெட்ஃபோன் வைக்க வேண்டியதில்லை. அம்மா வாய்விட்டுப் பாடினால் போதும்.

"மொஸார்ட் கேட்டால் குழந்தைக்கு மூளை வளருமாமே?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. அந்தக் கதையின் மூலம் 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்த ஒரு சிறிய கட்டுரை. அதில் பங்கெடுத்தவர்கள் 36 கல்லூரி மாணவர்கள். பலன் தெரிந்தது ஒரு வகைப் புதிர்களில், அதுவும் பத்துப் பதினைந்து நிமிஷங்களுக்குத்தான். அதில் ஒரு குழந்தைகூட இல்லை. ஆனாலும் 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு கொடுக்கப் பட்ஜெட்டில் பணம் கேட்டார். கடைகளில் குழந்தைகளுக்கான ஸி.டி.க்கள் குவிந்தன.

குழந்தைகளை வைத்தே செய்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 2012-ல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஆறு மாதக் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து பாடி, தட்டி, ஆடினார்கள். மற்றதில் இசைத்தட்டு பின்னணியில் ஓட, குழந்தைகள் பொம்மைகளோடு விளையாடின. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சேர்ந்து பாடிய வீட்டுக் குழந்தைகள் அதிகம் சிரித்தன. அழுதால் சீக்கிரம் சமாதானம் ஆயின. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவதும், போகிறவர்களுக்குக் கை ஆட்டுவதும் அவற்றுக்கு முன்னதாகவே வந்துவிட்டன. இரண்டு பிரிவும் இசை கேட்டதுதான். ஒன்றில் அம்மா பாடினாள், மற்றதில் மெஷின் பாடியது.

"அழுகிற குழந்தைக்கு மொபைலைக் கொடுக்காமல் எப்படி மாமி?" என்று கேட்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு செய்தி. மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் குழந்தைகளுக்குக் குரலை மட்டும் கேட்க வைத்து, எவ்வளவு நேரம் அழாமல் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்கள். பேச்சுக்குச் சுமார் நான்கு நிமிஷம், பாட்டுக்குச் சுமார் ஒன்பது நிமிஷம். அந்தப் பாட்டுகள் துருக்கி மொழிப் பாட்டுகள். அந்த வீடுகளில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. புரியாத மொழிப் பாட்டுக்கே ஒன்பது நிமிஷம் என்றால், பழகிய குரலில் பழகிய பாட்டு என்ன செய்யும் என்று நீங்களே பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதையும் நினைவில் வையுங்கள். இரண்டு வயது முடியும் வரை குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

சரி, என்ன பாடுவது, எப்படிப் பாடுவது? நமக்கு இதில் வழிகாட்டி புதிதாகத் தேட வேண்டாம். பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனைப் பாடியதன் வரிசையைப் பாருங்கள். தாலாட்டு, நிலாவை அழைப்பது, செங்கீரை ஆடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை நடப்பது என்று போகிறது. பிள்ளைத்தமிழ் இலக்கணத்திலும் தாலும் செங்கீரையும் சப்பாணியும் தனித்தனிப் பருவங்கள். சப்பாணி என்றால் இரண்டு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது. குழந்தையின் உடம்பு எதைச் செய்யத் தயாராகிறதோ, அதற்கேற்ற பாட்டு. இதைவிட நல்ல பாடத்திட்டத்தை நான் கண்டதில்லை.

முதல் ஆறு மாதம். தினமும் ஒரே வேளைக்கு ஒரே பாட்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது ஒன்று, தூளியில் போடும்போது ஒன்று. தூளி ஆடும் வேகம்தான் தாளம். நீலாம்பரியோ நவரோஜோ தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால் தெரிந்த ஸ்லோகத்தையே மெதுவாக இழுத்துப் பாடலாம். முகத்தை ஓர் அடி தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு அவ்வளவுதான் நன்றாகத் தெரியும். குழந்தை 'ங்கா' என்றால் பாட்டை நிறுத்துங்கள். அதே ஸ்ருதியில் நீங்களும் 'ங்கா' என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மறுபடி பதில் வரும். உங்கள் குழந்தையோடு நீங்கள் செய்யும் முதல் கச்சேரி அது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாட்டுக்கும் சத்தத்துக்கும் குழந்தை திரும்புவதே இல்லை என்றால், பாடுகிற வீட்டுக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று காத்திருக்காமல் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பிறந்த முதல் மாதத்துக்குள்ளேயே எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பதுதான் வைத்தியர்களின் சிபாரிசு.

உட்கார ஆரம்பித்தபின் மடியில் வைத்துச் சாய்ந்தாடும் பாட்டு, கை வீசும் பாட்டு, சப்பாணி. பிறந்து சில நாளே ஆன சிசுவின் மூளையே தாளத்தில் ஓர் அடி தவறினால் கண்டுகொள்கிறது என்று 2009-ல் ஹங்கேரியில் நடந்த ஆராய்ச்சி காட்டியது. ஆகவே தொடையில் ஆதி தாளம் போடுங்கள். ஒரு டபராவும் மரக்கரண்டியும் கொடுத்துவிடுங்கள். காது பிளக்கும் என்பது உண்மைதான். அரை மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒன்றிலிருந்து இரண்டு வயதில், பாட்டின் ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்துங்கள். குழந்தை அதைப் பூர்த்தி செய்யும். தமிழ் வார்த்தைகள் இப்படித்தான் நாக்கில் ஏறும். மூன்று, நான்கு வயதில் ஐந்து ஸ்வரத்துக்குள் அடங்கும் சின்ன மெட்டுகள், சின்னக் கோலாட்டக் குச்சிகள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேல்நாட்டு மெட்டுகளைக் கேட்டுச் சங்கராபரணத்தில் அமைத்த நோட்டுஸ்வர ஸாஹித்யங்கள் இந்த வயதுக்குப் பொருத்தமானவை. கமகம் இல்லாததால் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். தாத்தாவின் ஒரு கட்டைக்குக் குழந்தையை இழுக்காதீர்கள். குழந்தை எங்கே பாடுகிறதோ, அங்கே நாம் போய்ச் சேர்ந்துகொள்வோம்.

"எனக்குக் குரலே கிடையாது மாமி, நான் பாடினா குழந்தை பயந்துக்கும்." இதை எத்தனை பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்! விசாரித்தால், பத்து வயதில் யாரோ கேலி செய்திருப்பார்கள். அன்றோடு வாயை மூடியவர்கள். நம் வீடுகளில் பெண்கள் பாடியதற்குத் தடையும் இருந்தது என்பதை நாம் மறைக்கக் கூடாது. 1919-ல் பிறந்த டி.கே. பட்டம்மாளின் தாயார் நன்றாகப் பாடக்கூடியவர். ஆனால் உறவினர் முன்னால்கூடப் பாட அவருக்கு அனுமதி இருக்கவில்லை. மகள் மேடையேறி உலகம் அறியப் பாடினார். அந்தத் தலைமுறையில் மற்றவர்கள் தடுத்தார்கள். இன்று நம்மை யாரும் தடுக்கவில்லை. நாமே வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்கிறோம். உங்கள் குழந்தை உங்கள் ஸ்ருதியைப் பரீட்சை செய்வதில்லை. அதற்கு உலகத்திலேயே பிடித்த குரல் உங்களுடையது.

அப்பாக்களே, இது பெண்கள் சமாசாரம் என்று காபியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். நம் இசையில் தாலாட்டுப் பாட்டுகளை இயற்றியவர்களில் பலர் ஆண்கள். ராமனுக்குத் தாலாட்டுப் பாடியவர் குலசேகர ஆழ்வார். 1813-ல் பிறந்த ஸ்வாதித் திருநாளைத் தொட்டிலில் வைத்து ஆட்ட 'ஓமனத்திங்கள்' இயற்றியவர் இரயிம்மன் தம்பி. பாலக்காட்டுக்காரர்கள் வீட்டில் அது இன்றும் ஒலிக்கிறது. ஆபீஸிலிருந்து வந்து பத்து நிமிஷம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடும் அப்பாவின் நெஞ்சதிர்வைக் குழந்தை உடம்பாலேயே கேட்கும்.

தாத்தா பாட்டி சென்னையிலோ திருச்சியிலோ, குழந்தை புனேயிலோ டெல்லியிலோ. வீடியோ காலில் சேர்ந்து பாடினால் சத்தம் சற்றுத் தாமதமாக வருவதால் தாளம் கலைந்துவிடும், பாட்டி மனம் நொந்துபோவாள். அதற்கு வழி, ஒரு வரி பாட்டி, ஒரு வரி குழந்தை என்று மாறி மாறிப் பாடுவது. பாடாந்தரமே அப்படி வந்ததுதானே!

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது மொழிப் பிரச்னையும்கூட. குழந்தைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறோம். எழுத்து பிறகு வரட்டும். பாட்டில் வரும் நூறு தமிழ் வார்த்தை முதலில் காதில் விழட்டும். வேலைக்கு வரும் மராத்திய அம்மாள் தன் பாஷையில் ஒரு அங்காயி பாடினால் அதையும் குழந்தை கேட்கட்டும். கல்கத்தாவானால் வங்காளத் தாலாட்டு. பாட்டுக்குப் பாட்டு போட்டி இல்லை.

ஒரு பெண் குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் ஏழு வயதில் சேர்ந்தாள். காது அபாரம், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நான் பாடினா அப்பா ரெகார்ட் பண்ணி எல்லாருக்கும் அனுப்பறார். அம்மா தப்பைச் சொல்றா." அவளுடைய அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு மாசம் குழந்தையைப் பாடச் சொல்லாதீங்கோ. விளக்கேத்தற நேரத்துல நீங்க ரெண்டு பேரும் பாடுங்கோ. போனை வேற ரூம்ல வையுங்கோ." மூன்றாவது வாரம் அந்த அம்மா ஃபோன் செய்தாள். "மாமி, நேத்திக்கு நான் வரியை மறந்துட்டேன். உள்ளேருந்து அவ எடுத்துக் குடுத்தா" என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் தழுதழுத்தது. அந்தப் பெண் இன்று கல்லூரியில் படிக்கிறாள். மேடை ஏறவில்லை. ஹாஸ்டலில் தன் அறையில் பாடுகிறாளாம். எனக்கு அது போதும்.

ஆஸ்திரேலியாவில் 3031 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மூன்று வயதில் வீட்டாரோடு சேர்ந்து பாடி விளையாடிய குழந்தைகள், நான்கைந்து வயதில் மற்றவரோடு அனுசரித்துப் போவதிலும் ஒன்றைக் கவனமாகச் செய்வதிலும் சற்று முன்னே நின்றார்கள். ஆனால் அதற்காகப் பாடுங்கள் என்று நான் சொல்லவில்லை. லாபக் கணக்கு பார்த்துப் பாடினால் குழந்தை கண்டுபிடித்துவிடும்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். சாயங்காலம் விளக்கேற்றியபின் பத்து நிமிஷம். டி.வி. அணைந்திருக்கட்டும். ஆளுக்கு ஒரு பாட்டு. தெரியாதவர்கள் தாளம் போடலாம், டபரா தட்டலாம். நவராத்திரிக் கொலுவில் "பாடினால்தான் சுண்டல்" என்று மாமிகள் நம்மை மடக்குவார்களே, அதுபோல மாப்பிள்ளை, மாட்டுப்பெண் யாரையும் விடாதீர்கள். தூளியிலிருக்கும் குழந்தையையும் அந்தக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வரும் குழந்தைக்கு ஸரளி வரிசை நான் சொல்லித் தருகிறேன். அதற்கு முந்தைய ஐந்து வருஷப் பாடத்தை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.