பறவாத பயறு வண்டு

உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் தட்டைப்பயறு நமக்கு உணவு. அதன் கொடி மாட்டுக்குத் தீவனம். அங்கே விதைப்பயற்றுப் பானையொன்றைத் திறந்து பார்த்தேன். பயறுதோறும் வட்டத் துளை, உள்ளே வெறுமை!

பயறு வண்டின் வேலை இது. பெண்வண்டு பயற்றின்மேல் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து தின்று, ஏறக்குறைய 1 மாதத்தில் வண்டாகி வெளிவரும். இவ்வண்டில் இருவகை உண்டு. பானையில் முதலில் தோன்றுவது சிறகிருந்தும் பறவாதது, முட்டையிடுவதிலேயே முனைந்திருப்பது. கூட்டம் பெருகி வெப்பம் மிகுந்தால் பறக்கும் வகை தோன்றி, வயலில் முதிரும் நெற்றுகளை நாடிச் செல்லும். அங்கிட்ட முட்டைகள் அறுவடையோடு மீண்டும் வீட்டுக்கு வரும்.

ஆகவே, வண்டு பறக்கக் கண்டபின் விழித்துப் பயனில்லை. அறுத்த பயற்றை உடனே வெயிலில் நன்கு உலர்த்தி, காற்றுப்புகாக் கலத்தில் அடைத்திடுங்கள். விதை பிழைத்திருந்தால்தான் அடுத்த மழை நமக்குப் பயன்படும்.