கையெழுத்துக்கு முன்

இன்று கேட்பியலர்களாகப் பட்டம் பெறும் அன்பு மாணவர்களே!

உங்கள் படிப்பின் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அந்த ஆண்டில் உங்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

காது அச்சு எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கடித்துக் காதுக்குள் பார்க்க வேண்டும்: அழுக்கு அடைத்திருக்கிறதா, சீழ் வடிகிறதா, செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா? பிறகு, நூல் கட்டிய பஞ்சைக் காதுக்குழாயின் இரண்டாம் வளைவு தாண்டி வைத்து, சரியாக உட்கார்ந்ததா என்று மறுபடியும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். சிரிஞ்சு பிடித்த கையின் விரல் நோயாளியின் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும். அவர் சட்டென்று திரும்பினால் கையும் கூடவே போகும். பஞ்சு சரியாக அடைக்காவிட்டால் சிரிஞ்சிலிருந்து வரும் அச்சுக் கலவை செவிப்பறை வரை போய் ஒட்டிக்கொள்ளும். ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டிவரலாம். புத்தகத்தில் இதெல்லாம் அரைப் பக்கம். "விரலை ஊன்றும்மா" என்று ஒருவர் தோளருகே நின்று சொல்லச் சொல்லத்தான் அது உங்கள் கைக்குப் படிந்தது.

கை மட்டுமல்ல, காதும் அப்படித்தான் பழகியது. "சத்தம் கேக்குது தம்பி, பேச்சுதான் புரியல" என்று ஒரு பாட்டி சொன்னால், புதிதாக வந்தவர் உடனே காது கேட்கும் கருவியின் ஒலியைக் கூட்டுவார். மேற்பார்வையாளர் தடுத்து, "எந்த இடத்தில் புரியவில்லை என்று கேள்" என்பார். வீட்டிலா, கல்யாண மண்டபத்திலா, பேத்தி பேசும்போதா? சிறுமிகளின் மெல்லிய குரலில் 'ஸ', 'ஷ' ஒலிகள் மேல் அலைவரிசையில்தான் இருக்கின்றன; முதுமையில் முதலில் மங்குவதும் அந்தப் பகுதிதான். மொத்தமாகக் கூட்டினால் பாட்டிக்கு இரைச்சல்தான் கூடும். அடுத்த வாரமே கருவி அலமாரிக்குப் போய்விடும்.

இன்னொன்றும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கருவித் தயாரிப்பு நிறுவனத்தின் மென்பொருள் தரும் முதல் அமைப்பை அப்படியே விட்டால், பலருக்கு மேல் அலைவரிசையில் ஒலி போதாமல் போகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மெல்லிய குழாய் ஒலிவாங்கியைக் காதுக்குள் விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். கைக்குழந்தையின் சின்னக் காதுக்குழாயில் அதே கருவி பெரியவர்களுக்குக் கொடுப்பதைவிட அதிக ஒலியழுத்தம் கொடுக்கும். அந்தக் குழந்தையால் வாய் திறந்து சொல்ல முடியாது. பிறந்து 1 மாதத்துக்குள் கேட்புச் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்று கெடு வைத்திருக்கிறோம். அளக்காமல் மாட்டிய கருவியோடு அந்தக் கெடுவைத் தொட்டு என்ன பயன்? அளக்காமல் கொடுப்பது விற்பனை, மருத்துவப் பணி அல்ல.

இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவெண் கிடைத்ததும், உங்களில் சிலர் ஒரு சிற்றூருக்கே ஒரே கேட்பியலராக அமர்வீர்கள். அங்கே பின்னால் யாரும் நிற்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் உங்கள் ஆசிரியர்களுக்குப் போன் செய்யுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

சில ஆண்டுகளில் நீங்களே மேற்பார்வையாளர் ஆவீர்கள். மாலையில் ஒரு மாணவி, தான் செய்த பயிற்சி வேலைகளைக் குறித்த லாக் புக்கை நீட்டுவார். வெளியே இன்னும் வரிசை நிற்கும். பார்க்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்புவது சுலபம். அந்தக் கையெழுத்துகள் சேர்ந்துதான் அவருக்குப் பட்டம்; பட்டத்தை வைத்துத்தான் பதிவெண்; அந்தப் பதிவெண்ணை நம்பித்தான் ஒரு தாய் தன் பிள்ளையை அவர் முன்னால் உட்கார வைப்பாள். உங்கள் கண்ணால் பார்க்காத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.